அம்மாவின் ஒரு சொட்டு ரத்தம்

பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் அந்த வாரம் செல் பாடம். வீட்டில் ஒருவரின் ரத்தத்தைப் பார்த்துப் படம் வரைந்து வரச் சொல்லி, கைபேசியில் மாட்டும் நுண்ணோக்கியைப் பள்ளியில் கொடுத்திருந்தார்கள். எந்தச் செல் யாருடையது என்பதையும் அது சொல்லிவிடும்.

ஜெனிட்டா அம்மா ரெஜினாவின் விரலில் ஒரு சொட்டு எடுத்தாள். அம்மாவின் செல்களுக்கு நடுவே ஒன்றின்மேல் ‘மகள்’ என்று எழுத்து வந்தது.

“பெத்து இறக்கிவிட்டும் நீ இன்னும் உள்ள இருந்து போகலியாட்டி?” என்று ரெஜினா சிரித்தாள்.

“வயித்துல இருக்கும்போதே பிள்ளையோட செல்லு கொஞ்சம் அம்மா உடம்புல தங்கிருமாம்.”

அடுத்து வந்த செல்லின்மேல் ‘மகன்’ என்றிருந்தது. ஜெனிட்டாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவளுக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ரெஜினா திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இது உயிரோட இருக்கா?”

“இருக்கும்மா. நடுவுல இருக்கது உட்கரு. சுத்தி சின்னச் சின்னதா நெளியுது பாரு, அதெல்லாம் மைட்டோகாண்ட்ரியா. அதுதான் மூச்சுக்காத்த வாங்கி சக்தி குடுக்கும்.”

“மூச்சு விடுறானா?”

“விடுறான்மா.”

ரெஜினா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, கைய கழுவிட்டு வாங்க. நம்ம பையனப் பாருங்க.”