பிரமிடுத் துளையும் மெக்சிகோக்காரரும்

கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்தார் அந்த மெக்சிகோக்காரர். மண்ணை ஊதினார், முத்தமிட்டார், நெற்றியில் ஒற்றிக்கொண்டார், யார் காலும் படாத ஒரு கல்லின் மேல் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த ரம்ஸி உஷாரானான்.

விழுந்த ரொட்டிக்கு முத்தம் கொடுக்கிறவன் எகிப்துக்காரன். காலையில் கீஸா பிரமிடு வாசலில் ரம்ஸியின் கையிலிருந்து ரொட்டி நழுவியபோது, குழு மொத்தமும் பார்க்க அவனும் அதைத்தான் செய்தான். மெக்சிகோவில் ஏது இந்தப் பழக்கம்?

'வந்துட்டார்யா மாமனார்!' என்று நினைத்துக்கொண்டான் ரம்ஸி.

ரம்ஸி சுற்றுலா வழிகாட்டி. அவன் காதலிக்கும் ராவ்யாவின் அப்பா தொல்லியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். இவன் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நேற்று ராவ்யா போனில் எச்சரித்திருந்தாள்.

"அப்பா உன்னைச் சோதிக்கப் போறார். நாளைக்கு டூரிஸ்ட் வேஷத்துல உன் குழுவோட வர டிக்கெட் வாங்கியாச்சு. பிரமிடுக்குள்ள இருக்கிற துளைங்களைப் பத்தி வழக்கம்போல ஏதாவது அளந்தே, கல்யாணத்தை மறந்துடு. வேற்றுக்கிரகம்னு யாராவது சொன்னாலே அவருக்கு பிரஷர் ஏறிடும்."

அளப்பதுதானே ரம்ஸியின் பிழைப்பு! பெரிய பிரமிடின் அறைச் சுவரில் தொடங்கி, கல்லுக்குள் சாய்வாக மேலேறும் அந்தக் குறுகிய துளைகளுக்கு அவனிடம் ஆளுக்கொரு காரணம் உண்டு. பொறியாளர் வந்தால் தண்ணீர் பம்பு. பாட்டுக்காரர் வந்தால் ராட்சதப் புல்லாங்குழல். தியானக்காரர் வந்தால் விண்வெளிச் சக்தி இறங்கும் குழாய்.

இன்று எதுவும் கிடையாது. நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றான்.

"அந்தத் துளையெல்லாம் எதுக்கு ரம்ஸி?" என்று கேட்டார் மெக்சிகோக்காரர், மீசையைத் தடவியபடி.

"காத்துக்காகன்னு சிலர் சொல்றாங்க சார். ராஜாவோட ஆன்மா நட்சத்திரத்துக்குப் போற வழின்னு நிறைய அறிஞர்கள் நினைக்கிறாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாது."

"அவ்வளவுதானா? வேற்றுக்கிரகத்தோட பேசுற ரேடியோன்னு சொல்றாங்களே?"

"ஆதாரம் இல்லை சார்."

"தண்ணி பம்பு?"

"அதுக்கும் இல்லை சார்."

மெக்சிகோக்காரரின் முகம் தொங்கிப்போனது. 'என்னமா நடிக்கிறார் மனுஷன்!' என்று வியந்தான் ரம்ஸி.

குழு பிரமிடுக்குள் நுழைந்தது. வழிகாட்டிகள் வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே போனால் மூச்சு முட்டும் என்று சொல்லி, பெல்ஜியத்து அம்மாள் ஒருவர் மட்டும் நிழலில் தங்கிவிட்டார். பெரிய தொப்பி, முகத்தில் பாதியை மூடிய கறுப்புக் கண்ணாடி. தர்பூசணி விதைகளைப் பல்லிடுக்கில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். கை பாட்டுக்கு விதையை எடுக்க, வாய் பாட்டுக்குத் தோலைத் துப்பியது.

"ஏன் தம்பி, இன்னைக்கு இவ்வளவு அடக்கம்?" என்றார் ஆங்கிலத்தில். "நீங்க பிரமாதமா கதை சொல்வீங்கன்னு கேள்விப்பட்டுதான் வந்தேன்."

காலையிலிருந்து ஒரு கதைகூடச் சொல்லாமல் நாக்கு துடித்துக்கொண்டிருந்தது ரம்ஸிக்கு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த மீசைக்காரர் மெக்சிகோவே இல்லை மேடம். என் வருங்கால மாமனார். வேஷம் போட்டுட்டு வந்திருக்கார்."

"அட! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரொட்டிக்கு முத்தம் கொடுத்தாரே! ஊர்ப் பழக்கம் எங்கே போகும்? ஆள் பெரிய முசுடாம். வீட்டுல யாரும் வாயைத் திறக்க முடியாதாம்."

"இருக்கும், இருக்கும்" என்று ஒரு தோலைத் துப்பினார் அம்மாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. பம்பு, புல்லாங்குழல், ரேடியோ என்று எல்லாவற்றையும் குசுகுசுவென்று கொட்டினான். போதாததற்குப் புதிதாக ஒன்றையும் அங்கேயே உண்டாக்கினான்.

"நிஜம் என்ன தெரியுமா மேடம்? ராணியம்மா கீழ் அறையில இருந்துகிட்டே, மேல இருக்கிற ராஜாவைத் திட்டுறதுக்குப் போட்ட குழாய் அது!"

அம்மாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த விதைகள் சிதறின.

"இவ்வளவு கதையை வெச்சுக்கிட்டு எப்படி தம்பி வாயைக் கட்டினீங்க?"

"ராவ்யாவுக்காக மேடம். அவ மட்டும் கிடைச்சா, ஆயுசுக்கும் இந்தத் துளைங்க பக்கமே போகமாட்டேன்." அந்தப் பெண் இல்லாத வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குழு வியர்த்து வழிந்தபடி வெளியே வந்தது. மெக்சிகோக்காரர் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ரம்ஸி, காலையில நீங்க ரொட்டியை வெச்சு செஞ்சீங்களே, அதே மாதிரி நானும் செஞ்சேன்! சரியா இருக்கா பாருங்க. வீடியோவை என் மனைவிக்கு அனுப்பிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்!"

திரையில், வீடியோ அழைப்பில், ஒரு பெண்மணி கைதட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் சுவரில் மெக்சிகோக் கொடி.

இவர் இல்லையென்றால் மாமனார் யார்? ரம்ஸி ஒவ்வொரு ஆண் முகமாக வெறித்துப் பார்த்தான். எல்லாம் வெள்ளைக்கார வாலிபர்கள்.

பெல்ஜியத்து அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மிச்சமிருந்த விதைகளை ரம்ஸியின் உள்ளங்கையில் கொட்டி, அதை மூடினார். பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டு, அசல் கெய்ரோப் பேச்சில் சொன்னார்:

"எங்க வீட்டு முசுடுக்கு முட்டி வலி, மாப்பிள்ளை. அதான் நான் வந்தேன்."