இப்படிக்கு, பூண்டு

'கேட்டுவிடாதே தாயே, கேட்டுவிடாதே' என்று அருள்மேரி மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே சுபஸ்ரீ கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, உங்க ஃப்ரெண்ட் நாளைக்கு வந்துடுவாங்கல்ல?"

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹால். மறுநாள் அங்கே 'நட்பு' என்ற தலைப்பில் கண்காட்சி. அதை நடத்தும் சுபஸ்ரீக்கு இருபத்தைந்து வயது; எதைப் பார்த்தாலும் கண் கலங்கிவிடும்.

தையல் டீச்சரான அருள்மேரி, பன்னிரண்டு வருடமாகத் தனக்கு வந்த கடிதங்களின் வரிகளை, எழுதியவளின் கையெழுத்து மாறாமல் நூலால் தைத்து ஒரு பெரிய போர்வையாக்கியிருந்தாள். ஓரங்கள் மட்டும் பாக்கி. ஒரு முனையை அவளும் மறுமுனையைப் பக்கத்து வீட்டு லீலாவும் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வராம என்ன?" என்றாள் அருள்மேரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுபஸ்ரீ குனிந்து வாசித்தாள். "'ராத்திரி பூரா இருமுறே. கொள்ளு ரசம் வச்சுக் குடி. இப்படிக்கு, பூண்டு.' ஐயோ, எவ்வளவு பாசம்! யாரு ஆன்ட்டி இந்தப் பூண்டு?"

"பூம்பாறைக்காரி. ஊரெல்லாம் பூண்டு வெளையுதுல்ல, ஹாஸ்டல்ல நான் வச்ச பேரு."

"ரொம்பத் தங்கமான மனுசி போல தெரியுது பாப்பா" என்று லீலா சுபஸ்ரீயிடம் சொன்னாள். "இந்தக் காலத்துல யாரு இப்படி எழுதுறா?"

"தங்கந்தான். வாய் மட்டும் வத்தலக்குண்டு வரைக்கும் நீளும்."

லீலா நூலை வெடுக்கென்று பல்லால் கடித்தாள்.

"அந்த ஓரம் கோணிக்கிட்டுப் போகுதுன்னு சொல்லும்மா" என்றாள் அருள்மேரி.

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாக்கச் சொல்லு பாப்பா."

"நடுவுல நான் என்ன மைக்கா?" சுபஸ்ரீ சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, சென்னைக் கண்காட்சிக்கு இங்கருந்து ஒண்ணுதான் போகும். உங்க போர்வைதான்னு முடிவாயிருச்சு. ஒரே ஒரு கண்டிஷன். நீங்களும் உங்க ஃப்ரெண்டும் இதுக்கு முன்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் பேசணும். வீடியோ எடுத்து அனுப்பணும்."

அருள்மேரியின் ஊசி நின்றது.

மூன்று மாத உழைப்பு. விரல் நுனி முழுக்க ஊசி குத்திய புள்ளிகள். முகம் தெரியாத யாரோ இந்த வரிகளைப் படித்துச் சிரிப்பதை, அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யாரையோ நினைத்துக்கொள்வதை அவள் தினமும் கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். அதற்கு ரெண்டு நிமிஷப் பேச்சு. ஒரு 'நல்லா இருக்கியா' போதும். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"நிக்கிறோம்மா" என்றாள். "பேச மட்டும் முடியாது."

"என்ன ஆன்ட்டி, கூச்சமா? வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க. பேசாட்டி போர்வை சென்னைக்குப் போகாதே!" சுபஸ்ரீக்கு அழுகையே வந்துவிட்டது. லீலாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்களேன்!"

"நான் எப்படிப் பாப்பா சொல்றது?" லீலா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சண்டை. செத்தாலும் இவகூட வாய் தொறந்து பேச மாட்டேன்னு நான் எங்க பூம்பாறை முருகன் வேலப்பர்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன், இவ மாதாகிட்ட பண்ணிட்டா. நல்லவேளை, எழுத மாட்டோம்னு ரெண்டு பேருமே சொல்லல!"

சுபஸ்ரீ போர்வையின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை ஆன்ட்டி... ஒரே ஒரு வார்த்தை!"

அருள்மேரி மெல்லத் தலையசைத்து மறுத்தாள். "வேணாம்மா. சொல்ல வேண்டியத எல்லாம் காலையிலதான் தபால்ல போட்டேன், நாளைக்குக் கெடச்சுரும்னு அவகிட்ட சொல்லு."