எட்டடி மண்

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டின் நடுவே ஒரு பழைய மண்மேடு இருந்தது. அதன் அடியில் புதிதாக ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.

"உன்மேல என்னப்பா எழுதியிருக்கு?" என்று மேடு கேட்டது.

பலகை பெருமையோடு வாசித்தது: "இம்மாநிலத்தின் முதல் குடிகள் கூடை கூடையாக மண் சுமந்து கட்டிய மேடு. பிற்பாடு அவர்கள் மேற்கே குடிபெயர்ந்தார்கள். மழையில் கரைந்து மேடு எட்டடி குறைந்துவிட்டது."

"மழையா? ஆயிரம் வருஷ மழை பார்த்தாச்சு. என்மேல இருக்கிற புல் ஒரு பொட்டு மண்ணைக்கூட விட்டதில்லை."

"அப்போ அந்த எட்டடி எங்கே போச்சு?"

"சிப்பாய்கள் துப்பாக்கியோட வந்து அவங்களை விரட்டின அன்னிக்கு, போறதுக்கு முன்னால எல்லாரும் என்கிட்ட வந்தாங்க. ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக்கிட்டாங்க. கைக்குழந்தைங்க விரலைக்கூட அம்மாக்கள் விரிச்சுப் பிடிச்சாங்க. ஒரு பிடிக்கு மேல யாரும் எடுக்கலை."

பலகை அண்ணாந்து மேட்டைப் பார்த்தது.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இருவர் பலகையைக் கடைசி வரிவரை படித்தார்கள்.

"அடேயப்பா, என்ன மழை பெய்திருக்கும்!" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறிப் போனார்கள்.