டால்டனுக்குப் போன விருது

"தோத்துட்டு இப்படிச் சிரிக்காதய்யா. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" எர்லின், கணவர் ஓரிஸின் விலாவில் இடித்தாள்.

ஓரிஸ் லெமெலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லஃபயெட் நகர அரங்கின் மேடையில், அக்கார்டியன் வாசித்து ஆடவைக்கும் சைடிகோ இசையில் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை டால்டன் மால்வோவின் மகள் வாங்கிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு ஆல்பங்கள். ஒன்று டால்டனுடையது, மற்றது ஓரிஸுடையது.

முப்பது வருடமாக அக்கார்டியனும் கையுமாக மோதிக்கொண்டவர்கள் அவர்கள். ஒரு சனிக்கிழமை ஓரிஸ் நடனக் கூடத்தை நிரப்பினால், அடுத்த சனிக்கிழமை டால்டன் அதே கூடத்தில் கூட்டத்தை வாசல்வரை நிற்க வைப்பார்.

சொந்த ஊரான ஓப்பலூசஸுக்குத் திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே எர்லின் கேட்டாள்.

"பேரைப் படிக்கிறப்ப கண்ணை மூடி ஜெபம் பண்ணினியே, அது யாருக்கு?"

"டால்டனுக்குத்தான்."

"கிண்டல் பண்ணாத. ரெண்டு வருஷ உழைப்பு. எனக்கு வயிறு எரியுது."

"எனக்கு எரியல. அவன் வீட்டுக்கு வண்டியை விடு."

டால்டன் ஜன்னலோரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். ஆல்பம் வெளிவந்த கையோடு பக்கவாதம் வந்துவிட்டது என்றுதான் ஊரில் பேச்சு.

"வா லெமெல். தோத்த மூஞ்சியைக் காட்ட வந்தியா?"

"ஜெயிச்ச மூஞ்சி எப்படியிருக்குன்னு பாக்க வந்தேன். முன்னைக்கு இப்ப ரொம்ப மோசம்."

டால்டன் எர்லின் பக்கம் திரும்பினார். "என் ஆல்பத்து முதல் பாட்டுல அக்கார்டியனைக் கேட்டியா எர்லின்? அந்த மாதிரி உன் புருஷனால வாசிக்க முடியுமா?"

எர்லினின் முகம் கடுத்தது. ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை. "கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் வேண்டாவெறுப்பாக.

ஓரிஸ் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

விருதோடு முன்பே வந்துசேர்ந்திருந்த மகள், கம்போ சூப்பைச் சுட வைக்கலாம் என்று எர்லினை அடுப்படிக்கு அழைத்துப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இத்தனை நேரம் நக்கலாகப் பேசிய டால்டனின் கண்கள் கலங்கிவிட்டன. ஓரிஸ் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு எதிர் நாற்காலியில் சரிந்தார்.

"அப்பாடா, பொழைச்சேன்," என்றார்.

டால்டன் போர்வைக்குள் அசையாமல் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி மடிமேல் வைத்தார்.

"ஸ்டூடியோவுக்குப் போறதுக்கு முந்தின வாரமே இது விழுந்துடுச்சு. குரல் தப்பிச்சதால பாடிட்டேன். அக்கார்டியன் மொத்தமும் நீ வாசிச்சது. பாண்டு ஆளுங்களும் வாயைத் திறக்கல. இனிமே மறைக்கிறது நியாயமில்ல ஓரிஸ், நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லிக்க. இனிமே எனக்கென்ன பயம்?" என்றார் ஓரிஸ். "என் ஆல்பம் மட்டும் ஜெயிச்சிருந்தா, 'நல்ல வாசிப்பையெல்லாம் உன் ஆல்பத்துக்கு வச்சுக்கிட்டு மிச்சத்தை என் தலையில கட்டிட்ட'ன்னு சாகுற வரைக்கும் நீ சொல்லிக்காட்டியிருப்ப. ஒரு மாசமா அந்தப் பயத்துலயே எனக்குத் தூக்கம் இல்ல."