பாதி ஷட்டர்

பூக்காரி செவந்தியின் மகனையும் தெருப் பையன்களையும் போலீஸ்காரர்கள் விசாரணையே இல்லாமல் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அவள் கடை கடையாகப் படியேறி நியாயம் கேட்டதில் பஜாரே கடையடைப்பு, ஊர்வலம். மளிகைக்கடை தவசிமுத்து அண்ணாச்சி மட்டும் ஷட்டரைப் பாதிதான் இறக்கினார். கடையடைப்பன்று யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். குனிந்து நுழைந்த முதல் ஆள் இன்ஸ்பெக்டர்.

“முந்திரி அரைக்கிலோ போடும். உங்க ஊர்வலத்துக்குத்தான் காவல் நிக்கோம், பசிக்காதா?”

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நிறுத்தார். ஷட்டருக்குக் கீழே ஊர்வலத்தின் கால்கள் போயின. ஒரு ஜோடிக் கால் நின்றது. செவந்தி குனிந்து பழுப்பு பூட்ஸைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்.

“முழுசா அடைக்க மறந்துட்டீயளே, அண்ணாச்சி.”

அவரைக் காட்டிக்கொடுக்காத குரலில் சொல்லிவிட்டு, ஷட்டரைத் தரைவரை இழுத்துவிட்டாள். இருட்டில் இன்ஸ்பெக்டர் முந்திரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.