கூடுதல் எடை

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசரான ஜெமிமாவுக்கு, எடை குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்து ஒரு வருஷம் ஆகிறது. நூற்றிருபது கிலோ இருந்தவள் இப்போது அறுபத்தெட்டு. சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போனபோது, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று டாக்டர் சிரித்தார். கணவன் தானியேலுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

மூன்றாம் மாடியில் லிப்ட் காலியாக வந்து நின்றது. தானியேல் ஏறினான். பின்னாலேயே ஜெமிமா ஏறியதும், எடை அதிகம் என்று மணி அடிக்கத் தொடங்கியது. கதவு மூடவில்லை.

"இன்னா இது, ரெண்டே பேருதானே?" என்றான்.

அவள் வெளியே வந்தாள். மணி நின்றது. அவனும் வெளியே வர, காத்திருந்த ஏழெட்டுப் பேர் உள்ளே போனார்கள். லிப்ட் சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று.

"கம்பெனி லிப்ட்லயும் இப்படித்தான். படியிலயே போய்டலாம், வாங்க."

"எப்பலேர்ந்து?"

"ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து."

படிகளில் அவள் மளமளவென்று இறங்கினாள். பருமனாக இருந்த காலத்தில் நாலு படிக்கு ஒருமுறை நின்று, மூக்கில் விசில் அடிப்பதுபோல் மூச்சு வாங்குவாள். அந்தச் சத்தம் இப்போது அவர்களுக்கு மேலே, அவர்கள் இறங்கி வந்த படிகளில் கேட்டது.

தானியேல் நின்றுவிட்டான். ஜெமிமா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"திரும்பிப் பாக்காதீங்க. அது மெதுவாத்தான் வரும். வீட்டுக்கு வந்து சேர எப்படியும் ராத்திரி ஆய்டும்."