வெள்ளத்தாய் முன்மொழிந்த தீர்மானம்

பஞ்சாயத்து ஒலிபெருக்கி நேற்றுக் காலை கிராம சபைச் செய்தி வாசித்தது. அதன் தொண்டைக்கு எட்டு ஊர் மாடுகளும் அசைபோடுவதை நிறுத்திவிடும்.

"கீழத்தெருக் குடிநீர்க் குழாயை அகற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர், கீழத்தெரு வெள்ளத்தாய்."

வெள்ளத்தாய் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஓடினாள். ஓய்வு பெற்ற எனக்கு இதைவிட என்ன வேலை? பின்னாலேயே போனேன். அவள் போட்ட சத்தத்தில் கூரை ஓடு நான்கு கழன்றது. நாற்பது என்றாலும் தப்பில்லை.

"கூட்டமே நடக்கலை! நான் எங்கய்யா முன்மொழிஞ்சேன்?"

செயலர் ஞானதுரை அசையவில்லை. "இப்ப கூட்டம் எதுக்கும்மா? உங்க எல்லாருக்கும் பதிலா இந்தக் கம்ப்யூட்டர் மிஷினே பேசி முடிச்சிருது. இருபது வருசத்துக் கிராம சபைக் கையெழுத்து நோட்டைப் படிச்சு உங்க மனசைத் தெரிஞ்சு வச்சிருக்கு."

"என் தெருக் குழாயைப் பிடுங்கணும்னா என் மனசு சொல்லுச்சு?"

"நோட்டை வீட்டுக்குக் கொண்டாந்தப்பல்லாம், என்ன ஏதுன்னு கேக்காம கையெழுத்துப் போட்டீங்கள்ல? அப்ப எல்லாத்துக்கும் சம்மதம்னுதான் அதுக்குத் தெரியும்."

"சரி, இதை வழிமொழிஞ்ச புண்ணியவான் யாரு?"

ஞானதுரை என்னைப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. கையெழுத்துப் போட்டேனே தவிர, அந்த நோட்டில் ஒரு வரிகூட நான் படித்ததில்லையே!

வெள்ளத்தாயும் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் நாலு குடத்தோட கம்மாக்கரைக்கு வந்துருங்க, சார். முட்டி வலிக்குதுன்னா மிஷின்கிட்ட சொல்லிக்கிடுங்க."